இருபது மில்லி எண்ணெய்

2020 மே 20 அன்று அம்பன் புயல் கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அகற்ற ராணுவத்தையே அழைத்தார்கள். லேக் மார்க்கெட் அருகே எங்கள் சந்தை அடைத்துக் கிடந்தது ஒன்று. என்னிடம் ஒரு பழைய பெட்ரோல் ரம்பம் இருந்தது. பத்தே நிமிடம், இன்ஜின் இறுகிவிட்டது. அவசரத்தில் வெறும் பெட்ரோலை ஊற்றியிருந்தேன்.

ரம்பத்தின் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனி ஆயில் தொட்டி கிடையாது (ரம்பத்தில் இருப்பது செயினுக்கு). லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி ஆயில் கலக்க வேண்டும். பழைய மாடல்களுக்கு 40. கொல்கத்தா ஆட்டோக்காரர்களுக்கு இது மனப்பாடமாக இருந்தது. நீதிமன்ற உத்தரவால் 2009இல் டூ ஸ்ட்ரோக் ஆட்டோக்கள் போயின, பழக்கமும் போயிற்று.

சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்துப் பிரித்தேன். (மனைவியின் கருத்து இங்கே தேவையில்லை.) புகைபோக்கிப் பக்கம் பிஸ்டன் கீறிக் கிடந்தது, அதன் அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, குளியலறை ஆசிட்டைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றினேன். நுரைத்துக் கரைந்தது. நல்லவேளை, நிக்கல் பூச்சு பிழைத்திருந்தது.

பிஸ்டன், ரிங், கேஸ்கெட் புதிது. கிராங்க் சீலையும் மாற்றினேன். சோம்பினால் அந்த வழியே காற்று புகும், கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறையும், சூடேறி மறுபடி இறுகும்.

ஏழாவது இழுப்பில் கிளம்பியது. மரத்தை யாரோ எப்போதோ வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். பெட்ரோல் கேனில் இப்போது பெயிண்டால் ‘20 மில்லி’ என்று எழுதியிருக்கிறது, தமிழிலும் வங்காளத்திலும்.