மேகம் மூடிய இரவு



2018 ஜூலை 27 அன்று இந்த நூற்றாண்டின் மிக நீண்ட முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்தது. 1 மணி 43 நிமிடம் நிலவு பூமியின் நிழலுக்குள் முழுமையாக மூழ்கியிருந்தது. பிரிட்டனில் நிலவு செந்நிறத்தோடே உதயமாகவேண்டிய மாலை அது. பல வாரங்களாக வெயில் காய்ந்த அந்நாட்டின் வானம், அன்றைக்கென்று பல இடங்களில் மேகத்தால் மூடிக்கொண்டது. இடியும் மழையும் சேர்ந்துகொண்டன. தொலைநோக்கிகளோடு காத்திருந்த வானியல் ஆர்வலர் பலர் ஒன்றும் காணாமல் வீடு திரும்பினர்.

அவர்களிடம், "இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்வது எளிது. ஆனால் அதைவிட நீண்ட கிரகணம் இனி 2123 ஜூன் மாதத்தில்தான் வரும். அன்று காத்திருந்தவர்களில் ஏறக்குறைய எவரும் அதைக் காணப்போவதில்லை. இழந்தது இழந்ததே. துக்க வீட்டிலும் நாம் இப்படித்தான் அவசரமாக ஆறுதல் சொல்லிவிடுகிறோம். இழப்பை இழப்பென்று ஒப்புக்கொள்ளாத ஆறுதல், ஆறுதலாகாது என்பதே என் கருத்து.

ஆயினும், நிலவை நேசிக்கும் இம்மனிதர் அதற்குப் பின் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். மேகம் இருந்தாலும், மழை இல்லையென்றால் தொலைநோக்கியை முன்னதாகவே வெளியே கொண்டுவந்து வைக்கிறார்கள். அதன் கண்ணாடி வெளிக்காற்றின் குளிர்ச்சியை அடைந்தால்தான் காட்சி தெளிவாகும். மேகம் விலகிய பிறகு ஆயத்தமாகத் தொடங்குகிறவருக்கு, கிடைத்த சில நிமிடங்களும் அதிலேயே கழிந்துபோகும்.

மங்கிய விண்மீன் கூட்டங்களை மெல்லிய மேகமே மறைத்துவிடும். நிலவோ அதனூடாகவும் தெரியும். மிக உயரத்தில் பரவும் பனிப்படிக மேகம் நிலவைச் சுற்றி ஒளிவட்டம் ஒன்றையும் வரைந்து காட்டும். அவ்வேளையில் தடையே காட்சியாகிறது.

ஒன்றுமே தெரியாத இரவுகளும் உண்டு. அப்போது நல்ல ஆர்வலர் தம் குறிப்பேட்டில் தேதியிட்டு, "மேகம், ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதுவார். காணாததைக் கண்டதாக ஒருபோதும் எழுதமாட்டார். நம்முடைய ஜெபத்திலும் சாட்சியிலும் இந்த நேர்மை வேண்டாமா? தெளிவில்லாத நாளில் தெளிவிருப்பதாக நடிக்கும்படி தேவன் நம்மைக் கேட்கவில்லை.

உங்கள் வானம் இன்று மூடியிருக்கிறதா? மூடியிருக்கிறது என்றே அவரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, தொலைநோக்கியை வெளியே கொண்டுவந்து வையுங்கள்.