நடுவில் மாறும் படிப்பு

பட்டப்படிப்பு மூன்றாண்டா, நான்காண்டா என்று அறிஞர் பெருமக்கள் வாதிடுகின்றனர். வாதிடட்டும். ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவன் கதி என்ன? அதுதான் என் கேள்வி.

டில்லிப் பல்கலைக்கழகத்தில் 2013-இல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியது, பல்கலைக்கழக மானியக் குழு தலையிட, 2014 ஜூனில் கைவிடப்பட்டது. முதலாண்டில் பொதுவான அடிப்படைப் பாடங்களில் பெரும்பொழுதைக் கழித்திருந்த மாணவர்கள், சிறப்புப் பாடங்களை எஞ்சிய ஈராண்டுக்குள் முடிக்க வேண்டியதாயிற்று. அவர்களை யார் கேட்டார்கள்?

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ ஓராண்டில் சான்றிதழ், ஈராண்டில் டிப்ளமோ பெற்று வெளியேறவும் வழி சொல்கிறது. வசதியுள்ளவனுக்கு அது நல்ல வழியாக இருக்கலாம். அண்ணனூரிலிருந்து மின்சார ரயிலில் வரும் நான், எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறார். "பையனை வேலைக்கு அனுப்பக் கூடாதா?" என்று உறவினர் கேட்கும்போதெல்லாம், "இன்னும் ஒரு வருஷம்தான், டிகிரி வாங்கிடுவான்" என்பார் அம்மா. கையில் டிப்ளமோ இருந்தால் அந்தப் பதில் செல்லுமா? பாதியில் நின்றால் ஒன்றுமே இல்லை என்பதால்தான், நண்பர்களே, எங்களில் பலர் இன்னும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறோம்!

மாற்றமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேர்ந்த நாளின் விதிப்படி முடிப்பதா, புதியதற்கு மாறுவதா என்று மாணவனே தேர்ந்தெடுக்கட்டும். எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன், பழைய பாடத்திட்டத்தில் இரண்டு அரியர் வைத்துக்கொண்டு, புத்தகம் தேடி மூர் மார்க்கெட்டில் அலைகிறார். பழைய திட்டத்தில் எத்தனை ஆண்டுகள் தேர்வு எழுதலாம் என்பதைச் சேர்க்கையன்றே அச்சிட்டுக் கையில் கொடுத்தால் என்ன?