மடியில் சேர்ந்த களை

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் ஓர் ஊருக்குக் களையின் பெயர். ஆரையம்பதியை ஆரைப்பற்றை என்று சொல்லிப் பழகிய வாய்கள் இன்னும் இருக்கின்றன. ஆரைக்கீரை பற்றையாக மண்டிக் கிடந்த இடம், அதனால் அந்தப் பெயர் என்பது ஊரார் சொல்லும் காரணம். ஆரை பூக்காது, காய்க்காது. அது ஒரு சின்னப் பன்னம். மெல்லிய காம்பின் தலையில் நாலு இலையை விரித்துக்கொண்டு வயற்சேற்றிலும் வாய்க்கால் ஓரத்திலும் படரும். வேளாண்மைக்காரருக்குக் களை, அடுப்படிக்குப் போனால் கறி.

வாவியைச் சுற்றி வந்தால் இப்படி இன்னும் சில பெயர்கள் அகப்படும். பன்குடாவெளியிலும் பன்சேனையிலும் பாய் இழைக்கும் பன் இருக்கிறது. தாழங்குடாவில் தாழை, ஈச்சந்தீவில் ஈச்சை. யாரும் நட்டு வளர்த்தவை அல்ல இவை. தானாக முளைத்ததைப் பார்த்து ஊருக்குப் பெயர் வைத்த மனிதர்கள் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள்.

இன்று அந்த ஊர்களுக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது கூட்டிப் பெருக்கிய வெறும் மணல். விடியற்காலை ஈர்க்குமாறு இழுத்த கோடுகள் வளவெங்கும் அலை அலையாகக் கிடக்கும். வாசற்படியில் இருந்து பின்வேலிவரை ஒரு புல் இராது. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. விரியன் பாம்புள்ள நாட்டில் முற்றத்தைத் துப்புரவாக வைத்திருப்பது அறிவுடைமைதான். ஆனால் பின்வேலிவரை ஏன் என்ற கேள்விக்குப் பதில் தேடினால், கதை இருநூறு வருடத்துக்கு நீள்கிறது.

என் பெத்தா களை எடுப்பதைச் சிறுவயதில் வரம்பில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். மார்கழி மாதம், முழங்கால் உயரப் பயிர், சேலையை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து நகர்வா. அவவுடைய கைக்கு மூன்று வழி தெரியும். கோழிச்சூடனும் கோரையும் வேரோடு வந்து வரம்பில் விழும். ஆரையும் பொன்னாங்காணியும் வல்லாரையும் மடிக்குள் போகும். சிலவற்றைத் தொடாமலே கடந்து போவா. நானும் உதவி செய்கிற நினைப்பில் வரம்போரத்துப் பொன்னாங்காணி ஒன்றை வேரோடு இழுத்துவிட்டேன். "அதப் புடுங்காத மனே, நுனியக் கிள்ளு. வேரோட வந்தா நாளைக்கு ஆர் தருவா?" என்று அதட்டினா. அன்றிரவு பால்விட்டுச் சுண்டிய இலைக்கறி. களை எடுப்பதென்றால் அழிப்பது என்று நான் நினைத்திருந்தேன். அவவுக்கோ அது பொறுக்கி எடுக்கிற வேலை.

இந்தக் கண் பழையது. குறுந்தொகையின் 309ஆம் பாட்டில் உழவர்கள் நெய்தலைக் களையாகப் பிடுங்கி வரப்பில் எறிகிறார்கள். அது வேறிடம் தேடிப் போகாமல் அந்த வயலிலேயே மறுபடி பூக்கிறது. காதலில் அடிபட்ட பெண்ணின் பிடிவாதத்துக்குப் புலவர் அதை உவமையாக்கினார். வள்ளுவர் கொடியவரை வேந்தன் தண்டிப்பதற்குக் களை எடுப்பதை ஒப்பிட்டவர். அந்த ஒப்புமை எல்லாக் களைக்கும் பொருந்தாது என்பதற்குக் குறுந்தொகையே சாட்சி. வயலில் பிடுங்கி எறியப்பட்ட அந்த நெய்தலை, நீல நிற அல்லியைத்தான், இலங்கை 1986இல் தேசிய மலராக அறிவித்தது. சிறுபாணாற்றுப்படையில் வருகிற வறுமைப்பட்ட வீட்டுக்காரி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பில்லாமல் அவித்து, அயலார் கண்ணில் படாதபடி கதவடைத்துப் பரிமாறுகிறாள். அவள் வெட்கப்பட்டது வறுமைக்கு. கீரை அவள் கைக்குப் பழக்கமானதுதான்.

பொறுக்கும் கையை முதலில் தள்ளிவைத்தது மலையகத்துக் கோப்பித் தோட்டம் என்று நினைக்கிறேன். தோட்டத்தில் ஒரு புல்லும் தலைகாட்டாமல் செருக்கி வைத்திருப்பது துரைமாரின் பெருமை. செருக்கியவர்கள் தமிழ்நாட்டில் இருந்து கால்நடையாக வந்த கூலிகள். மழை வந்தபோது மூடியற்ற சரிவுகளின் மேல்மண் ஆறுகளுக்குள் இறங்கியது. 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டிக் கோப்பியை முடித்து வைத்தது. தேயிலை வந்தபின்னும் வெறுந்தரை மோகம் லேசில் போகவில்லை. மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1951இல்தான். எங்கள் கரைக்கும் மலைக்கும் தூரம் அதிகம். ஆனாலும் நல்ல தோட்டம் என்றால் வெறுந்தரை என்கிற எண்ணம் உத்தியோகத்தோடும் பாடப்புத்தகத்தோடும் கீழே இறங்கி வந்தது.

வயலில் வேலையை முடித்தது களைநாசினி. மட்டக்களப்பில் நாற்று நடுவது குறைவு, விதைப்புத்தான். விதைத்த வயலில் நெல்லும் புல்லும் ஒன்றாக முளைக்கும். கையால் பிரிப்பது பெரும்பாடு. எனவே மருந்து வந்தபோது வேளாண்மைக்காரர் அதைக் கட்டிப்பிடித்ததில் வியப்பில்லை, அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. தெளிகருவிக்கு மூன்று வழி தெரியாது, அவ்வளவுதான். அகன்ற இலைக்கென்று வந்த மருந்துக்கு மற்றக் களையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் ஒன்றே. களை எடுக்கிற பெண்கள் வட்டையை விட்டுப் போனார்கள். மடிக்குள் போனவற்றின் பெயர்களும் அவர்களோடு போயின.

கொழும்பில் இருந்து வந்த கட்டளைகள் வேறு. சிறுநீரக நோய் அச்சத்தில் 2015இல் கிளைபோசேட் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்பி வந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தோடு களைநாசினி இறக்குமதியும் ஒரேயடியாக நின்றது. நவம்பருக்குள் அந்த முடிவும் தலைகீழானது. அந்தப் பெரும்போகத்தில் களை எடுக்க ஆள் தேடியவர்களுக்கு விளங்கியிருக்கும்: மருந்தை ஒரே இரவில் நிறுத்தலாம், கைப்பழக்கத்தை ஒரே இரவில் கொண்டுவர முடியாது.

இதுவரை சொன்னது மண்ணின் கதை. பற்றை, பேச்சில் பத்தை, என்ற சொல்லுக்கு எங்களிடம் இன்னொரு வரலாறு இருக்கிறது. தோட்டத்தில் களையை விட்டு வையுங்கள் என்று யார் வந்து சொன்னாலும் அந்த வரலாற்றை முதலில் கேட்டுவிட்டுச் சொல்வது நல்லது. யுத்த காலத்தில் தெருவோரப் பத்தை என்றால் யாரோ பதுங்கியிருக்கிற இடம். இரு பக்கமும் வெட்டி வெளியாக்கினார்கள், வாவியோரக் கண்டலும் பல இடங்களில் அப்படிப் போனது. 2007 மார்ச்சில் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைச் சனம் பல்லாயிரக்கணக்கில் வாவியைக் கடந்து இக்கரைக்கு வந்தது. திரும்பிப் போனபோது வளவைக் காணவில்லை. ஆளுயரப் புல், கிணற்றுக்கட்டை மூடிய கொடி, கூரைக்குள் நுழைந்த முருங்கைக் கிளை. அந்தப் பச்சைக்குள் மிதிவெடி இருக்குமோ, வெடிக்காத ஷெல் கிடக்குமோ என்ற பயத்தோடு அடி அடியாக வெட்டி, குவித்து, நெருப்பு வைத்தார்கள். பத்தை வெட்டிய பிறகுதான் அது மறுபடி வீடானது. அப்படித் திரும்பி வந்த ஒரு தாய்க்கு வெறும் மணல் வெறும் மணல் அல்ல. நான் வந்துவிட்டேன் என்பதன் அடையாளம் அது.

அதற்குப் பிறகு நுளம்பு. 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாசலில் நிற்கும்போது வளவில் பத்தை இருந்தால் யாருக்கும் நெஞ்சு அடிக்கும். ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில்: சிரட்டையில், டயரில், ஐஸ்கிறீம் டப்பாவில், பூச்சாடித் தட்டில். பத்தையின் குற்றம் அந்தச் சிரட்டையை மறைத்தது. சிரட்டையைப் பொறுக்கினால் போதும் என்ற இடத்தில் செடியையும் செருக்கிவிட்டோம்.

சுனாமிக்குப் பின்னர் உதவிப் பணத்தில் எழுந்த மதில்களையும் சொல்லவேண்டும். கிடுகு வேலியிலும் பூவரசங் கதிகாலிலும் முசுட்டை, குறிஞ்சா, கோவை, முடக்கொத்தான் என்று ஏறிக் கிடந்தவை சீமெந்து மதிலில் ஏறவில்லை. வேலியின் அடி இரண்டு வளவுக்கும் நடுவில் யாரும் செருக்காத ஒரு முழ அகல நிலம். கீரியும் ஓணானும் போய்வந்த தெரு அதுதான். சட்டம், மருந்து, யுத்தம் என்று பெரிய காரணங்களைத் தேடுகிறபோது இந்த ஒரு முழத்தை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

எல்லாக் களையையும் கொண்டாடுகிற கட்சி நான் இல்லை. ஆற்றுவாழை 1905இல் அழகுக்காக இந்தத் தீவுக்குள் வந்தது. நாலே வருடத்தில், 1909இல், அதற்கென்று தனிச் சட்டம் போடவேண்டியதாயிற்று. இன்றும் மாரி வெள்ளத்தோடு குளங்களில் இருந்து வாவிக்குள் இறங்கித் தோணி போகாமல் அடைத்துக்கொள்கிறது. முகத்துவாரம் திறந்து உப்பு ஏறினால்தான் சாகும். கல்விக்கூட ஆய்வுக்கென்று 1939இல் வந்த சல்வீனியாவும் அதே வழி. பார்த்தீனியத்தைக் கண்டால் பூக்குமுன் பிடுங்கத்தான் வேண்டும். பெத்தாவின் கை இவற்றை வரம்பில்கூட விட்டிருக்காது, எரித்திருக்கும்.

விட்டுவைத்தால் என்ன வரும் என்பதை ஒரு எருக்கலையைப் பார்த்தே சொல்லலாம். வாவியோர மணலில் அது தானாக நிற்கும். செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று அதன் இலையில் முட்டையிடுகிறது. புழு நச்சுப்பாலைத் தின்று வளர்வதால், வளர்ந்த பூச்சியைக் குருவிகள் தொடுவதில்லை. பக்கத்திலே பருப்புக்கீரை படர்ந்திருந்தால் இன்னொரு பூச்சி அதற்கு வரும். இதன் ஆண் கறுப்பு, நீல விளிம்பிட்ட வெள்ளைப் பொட்டுகளோடு. பெண்ணோ எருக்கலைப் பூச்சியை அச்சாக உரித்த செம்மஞ்சள். தன்னில் நஞ்சு இல்லாவிட்டாலும் அயலவளின் சேலையைக் கட்டிக்கொண்டு தப்பிக்கிறாள். இந்த நாடகம் முழுவதும் நடக்க நாலடி நிலமும் செருக்காத இரண்டு களையும் போதும். புல் விதையாகிற தை மாதத்தில் சில்லைகள் வருகிற கணக்கு இதில் சேரவில்லை.

தானாக முளைக்கிற களைக்கு என்ன ஆகிறது என்பதை டார்வின் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். இங்கிலாந்தில் தன் வீட்டில் மூன்றடி நீளம், இரண்டடி அகலம் நிலத்தைக் கொத்தித் துப்புரவாக்கி, தானாக முளைத்த ஒவ்வொரு களைநாற்றையும் குறித்துவைத்தார். 357 முளைத்தன. அவற்றில் 295ஐ நத்தையினமும் பூச்சியும் முடித்துவிட்டன. 1859இல் வந்த அவருடைய பெரிய நூலில் இந்த எண்ணிக்கை இருக்கிறது. களை பெருகி வீட்டை விழுங்கிவிடும் என்று பயப்படுகிறவர்கள், அதைத் தின்ன எத்தனை வாய் காத்திருக்கிறது என்பதை அந்த எண்களில் பார்க்கலாம்.

பிரித்தானியாவில் பிளான்ட்லைஃப் என்ற அமைப்பு 2019இல் இருந்து மே மாதத்தில் புல்வெட்டாதீர்கள் என்று கேட்டு வருகிறது. நல்ல காரியம். இங்கே அப்படியே இறக்கினால் சிரிப்புக்கிடம். மே மாதத்தில் கச்சான் காற்று எல்லாவற்றையும் கருக்கிவிடும், வெட்டப் புல்லே இராது. எங்களுக்கு மாதம் ஐப்பசியில் தொடங்கித் தையில் முடிகிறது. முற்றத்தைக் கூட்டுவதை யாரும் நிறுத்தவேண்டாம். கிணற்றடியும் நடைபாதையும் வெளியாகவே இருக்கட்டும். பின்வளவில் ஒரு மூலை, பேர்ச் கணக்கில் அரைப் பேர்ச், அந்த நாலு மாதம் மண்வெட்டி படாமல் இருந்தால் போதும். துப்புரவுக்குப் புள்ளி போடுகிற பாடசாலைத் தோட்டப் போட்டிகளில் அந்த மூலைக்கும் ஒரு புள்ளி வைத்தால் பிள்ளைகள் பெயர்களையாவது கற்றுக்கொள்வார்கள்.

போன மார்கழியில் எங்கள் வளவைச் செருக்க ஓர் அக்கா வந்தா, ஐம்பது வயதிருக்கும். மதிலோரத்து மூலையை விட்டுவிடச் சொன்னேன். "பத்தையா கிடக்கே, பாம்பு வராதா?" என்றா. எலி இருந்தால் வரும், மற்றபடி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நம்பாத சிரிப்போடு மற்றப் பக்கம் முழுவதையும் செருக்கி முடித்தா. கூலி வாங்கிக்கொண்டு போகிற வழியில் அந்த மூலையருகே நின்று குனிந்து பார்த்தா. மண்வெட்டியை மதிலில் சாத்தினா.

"உள்ளுக்குப் பொன்னாங்காணி நிறையக் கிடக்கு. கொஞ்சம் கிள்ளட்டா?"

நான் தலையாட்டுமுன் மடி கட்டியாயிற்று.