நீங்கள் கேட்டவை: ஒரே ஆபரேஷன்தான்... அண்ணன் தேறிவிட்டார், தங்கை ஏன் சோர்ந்திருக்கிறார்?

‘‘என் வீட்டுக்காரருக்கும் நாத்தனாருக்கும் உடல் எடையைக் குறைக்க ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தது. தை அறுவடை முடிந்த கையோடு இருவருமே செய்துகொண்டார்கள். ஐந்து மாதத்தில் அவர் 35 கிலோ இளைத்துவிட்டார். நாத்தனாருக்கு 25 கிலோதான் குறைந்திருக்கிறது. எப்போதும் சோர்வு. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. ‘வாயைக் கட்டவில்லை’ என்று வீட்டில் அவரைத்தான் குறை சொல்கிறார்கள். குறுவை நடவுக்கு அவர் வயலில் இறங்கலாமா?’’
- வாசகி, பூம்புகார், மயிலாடுதுறை மாவட்டம்.

முதலில் குறை சொல்வதை நிறுத்துங்கள். ஆபரேஷனுக்கு முன்பு இருவரும் எத்தனை கிலோ இருந்தார்கள் என்று பாருங்கள். 140 கிலோ இருந்தவர் 35 கிலோ குறைந்தால், அது கால் பங்கு. 100 கிலோ இருந்தவர் 25 கிலோ குறைந்தால், அதுவும் கால் பங்குதான். ஆண் உடலில் தசை அதிகம். சும்மா இருக்கும்போதும் அது கூடுதலாகச் சக்தியை எரிக்கும். அதனால் கிலோ கணக்கில் ஆண்கள் முந்துவது வழக்கம். ஆனால், உடல் தேறியதை அளக்க எடை மெஷின் மட்டும் போதாது. ரத்தப் பரிசோதனை அவசியம்.

பெண்களுக்கு எங்கே இடிக்கிறது?

ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் சுமார் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். சாப்பாடும் குறைகிறது, இரைப்பை அமிலமும் குறைகிறது. அமிலம் குறைந்தால் உணவில் உள்ள இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் சரியாக உடலில் சேராது. ஆணுக்கு இது மெதுவாகத்தான் தெரியும். மாதவிடாய் வரும் பெண்ணுக்கு மாதாமாதம் ரத்தம் போவதால் சீக்கிரமே தெரிந்துவிடும். தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏற்கெனவே ரத்தசோகை இருக்கிறது. அந்த நிலையில் ஆபரேஷனும் சேர்ந்தால் சோர்வு வராமல் என்ன செய்யும்?

நாத்தனாருக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, டி வைட்டமின் நான்கையும் உடனே பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஹீமோகுளோபினை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது. சத்து மாத்திரைகளை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும்.

முடி கொட்டுவது மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை பலருக்கும் நடப்பதுதான். நட்ட நாற்றில் பழைய இலை பழுத்து, பிறகு புதுத் தூர் கட்டுவதில்லையா? அதுபோல முடியும் திரும்ப முளைக்கும். ஆனால், புரதமும் இரும்பும் இருந்தால்தான் முளைக்கும்.

தட்டில் என்ன இருக்கிறது?

தினமும் சுமார் 60 கிராம் புரதம் வேண்டும். இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் மத்தி அல்லது நெத்திலியில் 20, ஐம்பது கிராம் பச்சைப்பயறு அல்லது உளுந்தில் 12, அரை லிட்டர் பால் அல்லது தயிரில் 16. கூட்டினால் 60 கிராம் வந்துவிடும். மீன் பக்கத்துக் கரையில் கிடைக்கிறது, பயறும் உளுந்தும் சம்பா தாளில் விளைகிறது. மீன், முட்டை, பயறு முதலில், சோறு கடைசியில். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும்.

பல வீடுகளில் ஆண்களுக்கு மீன் துண்டு போன பிறகு, கடைசியாகச் சாப்பிடும் பெண்ணுக்குச் சோறும் குழம்பும்தான் மிஞ்சுகிறது. சுருங்கிய வயிற்றில் அந்தச் சோறு போனதும் இடம் நிறைந்துவிடும், புரதத்துக்கு இடமில்லை. உங்கள் வீட்டில் நாத்தனாரின் பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

குழந்தை விஷயம்

எடை குறையக் குறைய, ஒழுங்கில்லாமல் இருந்த மாதவிடாய் சீராகும். கரு தரிக்கும் வாய்ப்பும் கூடும். ஆனால், ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். தாய்க்கே சத்து போதாத காலத்தில் குழந்தைக்கு எங்கிருந்து கிடைக்கும்? பெரியவர்கள் அவசரப்படுத்தினால் இதை எடுத்துச் சொல்லுங்கள். காப்பர்-டி போன்ற முறைகளை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

ஆண்களுக்கு என்ன ஆபத்து?

உலக அளவில் இந்த ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் பெண்கள். ஆண்கள் பெரும்பாலும் எடை மிகவும் ஏறி, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் முற்றிய பிறகுதான் வருகிறார்கள். இந்த ஆபரேஷனில் உயிராபத்தைக் கணிக்க 2007-ல் அமெரிக்காவில் வெளியிட்ட அளவுகோலில் ஐந்து காரணங்கள் இருக்கின்றன. ஆணாக இருப்பது அதில் ஒன்று. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் உள்ள தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். தமிழக அரசு விசாரணைக் குழு அமைத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே இருக்கிறதா என்று விசாரிக்காமல் யாரும் இந்த ஆபரேஷனுக்குப் போகக் கூடாது.

உங்கள் வீட்டுக்காரர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். இனி கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பழைய சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை அதே அளவில் போட்டால் வயலில் மயங்கி விழ நேரிடும். மருத்துவரிடம் அளவைக் குறைத்து வாங்க வேண்டும். இரண்டு, மது. ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்சம் குடித்தாலும் போதை சட்டென்று ஏறும். குடிப் பிரச்னை ஆண்களுக்கே அதிகம் வருவதாகவும், பைபாஸ் வகை ஆபரேஷன் செய்தவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் கூடுவதாகவும் 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று பரிசோதனைக்குப் போகாமல் இருப்பதும் ஆபத்து.

வயல் வேலை

முதல் ஆறு வாரம் இருவருமே பாரம் தூக்கக் கூடாது. கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பமும் பாரம்தான், தண்ணீர்க் குடமும் பாரம்தான். ஆணுக்கு ஓய்வு கொடுக்கிற வீடு, பெண்ணை முதல் வாரமே அடுப்படிக்கு அனுப்பிவிடுகிறது. அது தவறு.

நாத்தனார் நடவில் இறங்குவதை ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை தள்ளிப்போடுங்கள். முடிவு நன்றாக இருந்தால் காலையில் அரை நாள் மட்டும் இறங்கட்டும். கையில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு, வாய்வாயாக அடிக்கடி குடிக்க வேண்டும். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் குறுவையை விட்டுவிட்டு, சம்பா நடவுக்கு இறங்கலாம்.

கடும் வயிற்று வலி, காய்ச்சல், மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், நிற்காத வாந்தி... இவற்றில் எது வந்தாலும் ஆணோ பெண்ணோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் பி1 வைட்டமின் வற்றி நரம்பு பாதிக்கப்படும். நடை தள்ளாடினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.