அயலார் வயிற்றில் விரதம்

இம்மாதத்து முதல் ஞாயிறன்று நமது இல்லத்தில் ஒரு பொருளாதாரத் தடை பிரகடனம் செய்யப்பட்டது. அம்பத்தூர்வாசிகளாகிய நமக்குப் பதினைந்து பிராயமான ஒரு கார் உண்டு. அதன் முதுமையை நாம் அனுபவம் என்போம். நமது இல்லத்தரசியார் அதையே வியாதி என்பார். அன்று திருவேற்காட்டில் அம்மனைத் தரிசித்துவிட்டு, பூந்தமல்லியில் உள்ள பந்து ஒருவரின் வீட்டுக்கும் போய்த் திரும்பும் வழியில் பெட்ரோல் போடுவதற்காக நின்றோம். நின்ற வண்டி மறுபடி புறப்படுவதற்குச் சிறிது நேரம் யோசனை செய்தது. அம்மையார் வாய் திறக்கவில்லை. வீடு வந்ததும் கணக்கு நோட்டைப் பிரித்தார். அரை மணி நேரத்தில் உத்தரவு பிறந்தது: இனி மாதம் ஒன்றுக்கு இருபது லிட்டர், அதற்குமேல் ஒரு சொட்டும் கிடையாது.

தடைக்கு ஆளானவனுக்குத்தான் தடையைப் பற்றிய ஞானம் உதயமாகும் போலும். பிற்பகல் முழுவதும் சாய்வு நாற்காலியில் கிடந்து, நமது வண்டி குடிக்கும் எண்ணெயின் பூர்வோத்தரங்களை ஆராயலானோம்.

மணலியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நேயர்கள் அறிவர். 1965-ல் மதராஸ் ரிபைனரீஸ் என்ற பெயரில் அக்கம்பெனி அமைந்தபோது, இந்திய சர்க்காருடன் பங்காளிகளாகச் சேர்ந்தவர் இருவர்: ஒருவர் அமெரிக்க அமோகோ கம்பெனியார், மற்றவர் ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியார். இன்று இவ்விரு தேசங்களையும் ஒரே பந்தியில் உட்காரவைக்க எவராலும் ஆகாது. அன்று நமது மணலியில் ஒரே இலையில் உண்டனர். பிற்காலத்தில் ஈரானின் எண்ணெயை வாங்கலாகாதென்று அமெரிக்கா தடை போட்டது. 2012-ல் யூகோ பாங்கின் மூலம் ஏறக்குறைய பாதி விலையை ரூபாயிலேயே செலுத்தி ஒருவாறு சமாளித்தோம். 2019 மே மாதத்தில் அமெரிக்கா தந்திருந்த சலுகைக் கெடு முடிந்ததும், ஈரானிடம் வாங்குவதை அறவே நிறுத்தினோம். ஈரானோடு நமக்கு எந்தச் சண்டையும் இல்லை. அண்டை வீட்டுக்காரர் எதிர்வீட்டுக்காரருடன் பேசுவதில்லை என்பதற்காக நாம் மளிகைக் கடையை மாற்றிக்கொண்டோம்.

நம்மீதே தடை வந்ததும் உண்டு. 1998 மே மாதம் போக்ரானில் அணுகுண்டு சோதனை நடந்ததும் அமெரிக்காவும் ஜப்பானும் உதவிகளை நிறுத்தின. 2001-ல்தான் அத்தடைகள் நீங்கின. ஆனால் அதே 1998-ல், பூந்தமல்லிக்கு அப்பால் பெங்களூர்ச் சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் தென்கொரியாவின் ஹூண்டாய் கம்பெனி சான்ட்ரோ கார்களைச் செய்து விற்கத் தொடங்கிற்று. உலகம் நம்மை ஒதுக்கிவிட்டதென்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருக்கையில், நமது அண்டை அயலார் முன்பணம் கட்டிக்கொண்டிருந்தனர்!

ரஷ்யாவின் விஷயத்துக்கு வருவோம். 2022-ல் அத்தேசம் உக்ரெய்ன் மீது படையெடுத்தது அநியாயம் என்பதில் நமக்கு இருவேறு அபிப்பிராயம் இல்லை. அநியாயத்தைத் தண்டிக்கவென்று மேல்நாட்டார் விதித்த தடை யாரைத் தீண்டியது? ரெனால்ட் கம்பெனி அங்கிருந்த தன் பெரும்பங்கை ஒரே ஒரு ரூபிளுக்குக் கொடுத்துவிட்டு வெளியேறியது. ஆனால் ஆறு வருஷங்களுக்குள் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையை மறவாமல் எழுதி வாங்கிக்கொண்டது. அக்கம்பெனி விட்டுச்சென்ற ஆலையில் உதிரிப் பாகங்கள் கிடைக்கவில்லை. ஆகவே அவ்வாண்டு ஜூன் மாதம் காற்றுப்பையும், சக்கரம் சறுக்காமல் காக்கும் பிரேக் சாதனமும் இல்லாத லாடா கார்கள் வெளிவந்தன. யுத்தத்துக்கு உத்தரவிட்டவர் அந்தக் காரில் ஏறப்போவதில்லை. ஏறுபவர், குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடப்போகும் ஒரு சாமானியர். அதே காலத்தில் அமெரிக்கா தன் அணு உலைகளுக்கு ரஷ்யாவிடமிருந்து செறிவூட்டிய யுரேனியம் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. 2024 மே மாதம் அதற்குத் தடைச் சட்டம் இயற்றியபோதும், தேவையாயின் 2027-ன் முடிவு வரை வாங்க விலக்கு வைத்துக்கொண்டது. ஏகாதசி விரதத்துக்கு அயலார் வயிற்றைத் தேர்ந்தெடுக்கும் சாமர்த்தியம் இது.

2025-ல் அந்த விரதம் நமது வாசலுக்கும் வந்தது. ரஷ்ய எண்ணெயை வாங்கிய குற்றத்துக்காக, ஏற்கெனவே விதித்த 25 சதவீத வரியின்மேல் மற்றுமொரு 25 சதவீதம் அபராதத்தை ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா நமது சரக்குகளின்மீது சுமத்தியது. நம்மினும் வலிய சீனா அதே எண்ணெயை வாங்கியும், அதற்காக அத்தகைய அபராதத்தை அதன்மேல் சுமத்தவில்லை. மோட்டார் உதிரிப் பாகங்களுக்கோ அவ்வாண்டு மே மாதத்திலேயே தனியாக 25 சதவீத வரி வந்திருந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது ஓவர்டைம். ஓவர்டைம் நின்றால் சீட்டுப் பணம் நிற்கும். பிறகு பால்காரரிடம் கடன் ஏறும். வாஷிங்டனில் கையெழுத்திட்ட காகிதம் கடைசியில் ஒரு வீட்டு அடுப்படியில்தான் வாசிக்கப்படுகிறது.

நமது சர்க்காரையும் இதில் முற்றும் புகழ்வதற்கில்லை. 2022-க்கு முன்னர் நமது எண்ணெய் இறக்குமதியில் நூற்றுக்கு இரண்டு பங்கே ரஷ்யாவினுடையது. இரண்டே வருஷங்களில் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. சகாய விலைக்கு வாங்குவது பிரஜைகளின் நன்மைக்கென்று சொல்லப்பட்டது. எண்ணெய்க் கம்பெனிகள் 2022-ல் சில மாதங்கள் நஷ்டத்துக்கு விற்றது மெய்யே. ஆயினும் 2023-24-ல் இந்தியன் ஆயில் கம்பெனி முன்னெப்போதும் காணாத லாபம் கண்டது. பிரஜைகளுக்கோ 2024 மார்ச்சில், தேர்தல் வாசலில், லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைந்தது. நமது நோட்டுக் கணக்கில் அந்தச் சகாயத்தைத் தேடிப் பார்த்தோம்; அகப்படவில்லை.

அப்படியாயின் தடை என்னும் ஆயுதமே தகாததா? அவ்வாறு சொல்ல நமக்கு வாயில்லை. ஏனெனில் தென்னாப்பிரிக்காவின்மேல் அதை முதன்முதல் பிரயோகித்த தேசம் நம்முடையது. இந்தியர் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் ஒடுக்கும் சட்டத்தை 1946-ல் அந்நாட்டார் இயற்றினர். நேட்டாலில் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் மக்களும் பேரர்களும் அச்சட்டத்தின்கீழ் அகப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில் இந்தியா அத்தேசத்துடன் வியாபாரத்தை முறித்துக்கொண்டது. அப்போது நாம் சுதந்திரமும் பெறவில்லை, செல்வமும் பெறவில்லை. நமது ஏற்றுமதியில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு அந்நாட்டுக்குச் சென்றுகொண்டிருந்தது. அந்த நஷ்டத்தை அறிந்தே ஏற்றோம். இன்ன சரக்குக்கு மட்டும் விலக்கு, இன்ன வருஷத்தில் திரும்ப வாங்கும் உரிமை என்றெல்லாம் பேரம் பேசவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு, 1993 வரை, அத்தடையைக் காத்தோம். உடன் நின்று நஷ்டப்படுபவனின் தடைக்கும், பிறரை நஷ்டப்படுத்துபவனின் தடைக்கும் ஒரே பெயர் இருப்பது பாஷையின் குறை.

இவ்வளவும் யோசித்த பின்பு நமது வீட்டுத் தடையை எதிர்த்து ஒரு மனு தயாரித்தோம். இருபது லிட்டர் என்பது அக்கிரமம் என்றும், விதித்தவர் அதன் கஷ்டத்தை உணர்ந்தாரில்லை என்றும் வாதிப்பதாக உத்தேசம். மறுநாள் காலை அம்மையார் கையில் துணிப்பையுடன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மகளின் சீமந்தத்துக்குப் புடவை எடுக்கப் பாரிமுனைக்குப் போகிறாராம். வண்டியை எடுக்கட்டுமா என்றோம்.

"வேண்டாம், அந்தக் கணக்கு எனக்கும் சேர்த்துத்தான்" என்று சொல்லிவிட்டு, அம்பத்தூர் ஸ்டேஷனை நோக்கி நடந்தார். மின்சார ரயிலில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்பினாராம். மனுவைக் கிழித்துவிட்டோம். மாதம் முடிய ஒன்பது நாட்கள் இருக்கின்றன. வண்டியில் நாலு லிட்டர் இருக்கிறது.