உள்ளத்தின் நோயும் காப்பீட்டு அட்டையும்



காய்ச்சலுக்கு எங்கே போவது, முறிந்த காலுக்கு எங்கே கட்டுப் போடுவது என்று நம் வீட்டாருக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. ஆனால் கல்லூரிக்குச் சென்றுவந்த மகன் மூன்று வாரமாக உறங்காமல் சுவரோடு பேசுகிறான், பிள்ளை பெற்ற மருமகள் குழந்தையை ஏறெடுத்தும் பாராமல் அழுகிறாள் என்றால் நாம் செய்வதென்ன? முதலில் அக்கம் பக்கத்தாருக்குத் தெரியாமல் மறைக்கிறோம். அடுத்து மந்திரிக்கச் செல்கிறோம். கையிருப்புக் கரைந்த பின்னரே பங்கு இல்லத்தின் படியேறுகிறோம். அங்கே கேட்கப்படுபவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: “சாமி, பக்கத்தில் யாரிடம் காட்டலாம்? இன்சூரன்ஸ் அட்டை செல்லுமா?” செஞ்சிப் பகுதியிலுள்ள தளவானூர் போன்ற சிற்றூர்களில் வாழ்வோரை மனத்திற்கொண்டு இவ்விரண்டுக்கும் விடை கூற முற்படுகிறோம்.

மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக் கோயிலால் பெயர் பெற்றது தளவானூர். ஆனால் பெருநகரங்களிற்போல் தெருவுக்குத் தெரு உளவியலாளரின் பெயர்ப்பலகையை இப்பக்கத்து ஊர்களில் காண இயலாது. ஆதலின், யாரைத் தேடுகிறோம் என்பதில் முதற்கண் தெளிவு வேண்டும். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் பயின்று, அதன்மேல் மனநோய் மருத்துவத்தில் சிறப்புப் பட்டம் பெற்றவர். மருந்து எழுதித்தர உரிமையுடையவர். மருத்துவ உளவியலாளர் மருந்து தருவதில்லை. சோதனைகள் நடத்தியும், முறையாகப் பலநாள் உரையாடியும் நோயாளியைத் தேற்றுபவர். இவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவேட்டில் பெயர் பதிந்து எண் பெற்றிருத்தல் வேண்டும். இது 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ள ஏற்பாடு. அவ்வெண்ணைக் கேட்பது அவமரியாதையன்று. உண்மையானவர் மகிழ்வுடன் காட்டுவார். மூன்றாமவர் ஆலோசகர். குருக்களும் கன்னியரும் சிலர் இப்பயிற்சி பெற்றுள்ளனர். குடும்பப் பிணக்குக்கும் தேர்வு அச்சத்துக்கும் அவர்களால் பெரும்பயன் உண்டு. ஆயினும் காதில் குரல் கேட்கிறது என்பவனை அவர்களிடம் மட்டும் விட்டுவைப்பது தகாது. உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, பேச்சுத் தடுமாறினால் மனநல மருத்துவரிடமே முதலில் செல்லுங்கள். உளவியலாளர் தேவையா என்பதை அவரே கூறுவார்.

எங்கே செல்வது? தேசிய மனநலத் திட்டம் 1982-இல் தொடங்கப்பெற்றது. அதன் கிளையாக மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் படிப்படியாகப் பரவியது. அதன்படி மனநல மருத்துவர் குறித்த நாள்களில் மாவட்டத்தின் வெளி மருத்துவமனைகளுக்கும் வந்து பார்ப்பது வழக்கம். செஞ்சிப் பகுதிக்கு எந்த நாள் என்பதைச் செஞ்சி அரசு மருத்துவமனையில் கேட்டறியுங்கள். அதற்கு மேல் வேண்டுமெனில் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. புதுவையில் ஜிப்மர் உண்டு. வீட்டை விட்டு வர மறுப்பவர் இருப்பின், 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.

“பேய் பிடித்திருக்கிறது, சாமி ஜெபித்தால் போகும்” என்போரும் உளர். ஜெபிக்க நாம் மறுப்பதில்லை. ஆனால் ஆயரின் தனி அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டுதல் ஆகாதென்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பே விதித்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர். அவர்களை அங்கே கொண்டுவிட்டவரும் பெற்ற தாய் தந்தையரே, உடன்பிறந்தாரே; நேர்ச்சையும் நம்பிக்கையுமாகச் சென்றவர்களே. மருந்து ஒருபுறம், மன்றாட்டு ஒருபுறம் நடக்கட்டும். ஒன்றுக்காக மற்றதை நிறுத்தச் சொல்பவரை, அவர் எத்தகைய பக்திமானாயினும், நம்பாதீர்கள்.

இனி இன்சூரன்ஸ். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. உடல்நோய்க்கு எவ்வாறு காப்பீடு தரப்படுகிறதோ அவ்வாறே மனநோய்க்கும் தரவேண்டுமென்று அதன் 21-ஆம் பிரிவு ஆணையிடுகிறது. அதன்பின்னும் மறுத்த நிறுவனங்கள் உண்டு. 2021-இல் டெல்லி உயர்நீதிமன்றம் அத்தகைய வழக்கொன்றில் நோயாளியின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆகவே “மனநோய்க்குப் பணம் வராது” என்று ஏஜெண்டு கூறின் அதை அப்படியே ஏற்கவேண்டாம்.

ஆனால் இங்கே பலரும் இடறும் கல் ஒன்றுண்டு. பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் குறைந்தது 24 மணி நேரம் படுத்துப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. உளவியலாளரிடம் வாரந்தோறும் சென்று அமர்ந்து பேசித் திரும்புவது புறநோயாளிச் சிகிச்சை. அதற்கெனத் தனி வசதி எழுதப்படாத பாலிசியில் அக்கட்டணம் திரும்பி வராது. சட்டம் சமமென்றது உண்மை; ஆயினும் உடல்நோய்க்கும் புறநோயாளிச் செலவைத் தராத பாலிசி, மனநோய்க்கும் அதைத் தருவதில்லை. மனநோயில் பெருஞ்செலவு பலருக்குக் கட்டிலில் அன்று, நாற்காலியிலேயே ஆகிறது. ஆதலால்தான் நாம் அரசு மருத்துவமனையை முதலில் கூறினோம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை நம் பங்கில் பல வீடுகளில் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கானது அது. அதுவும் பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கே செல்லும். எது உள்ளது, எது இல்லை என்பதை மருத்துவமனையிலுள்ள திட்ட அலுவலரிடம், சேர்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். தொழிற்சாலையில் வேலை செய்யும் மக்கள் ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பின் அதன் மருந்தகத்தில் புறநோயாளிச் சிகிச்சையும் உண்டு; இதைப் பலர் மறந்தேவிடுகின்றனர்.

தனியார் பாலிசி வைத்திருப்போர் நிறுவனத்தை நேரே அழைத்து மூன்றைக் கேட்பார்களாக: புறநோயாளிக் கட்டணம் உண்டா? மனநோய்க்கென்று தனி உச்சவரம்பு ஏதும் உண்டா? பணம் கட்டாமல் சேர்க்கும் கேஷ்லெஸ் மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுள்ளது எது? பதிலை எழுத்திலோ மின்னஞ்சலிலோ பெறுங்கள். புதிதாகப் பாலிசி எடுப்போர் பழைய நோயை மறைக்க வேண்டாம். பெண் பார்க்க வருவோருக்கு அஞ்சி மறைக்கும் நம் வழக்கத்தை இப்படிவத்திலும் காட்டினால், பின்னர் அதையே காரணங்காட்டிக் கிளெய்மை மறுப்பர். முன்னரே உள்ள நோய்க்கு இன்று காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்றாண்டுகளே. முறையற்று மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கே முறையீடு அனுப்புங்கள். அங்கும் தீராவிடில் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டுவதில்லை.

முதல்நாள் மருந்துச் சீட்டிலிருந்து தொடங்கி எல்லாத் தாள்களையும் ஒரே துணிப்பையில் போட்டு வையுங்கள். மருத்துவர் மாறினாலும், ஊர் மாறினாலும், அந்தப் பையோடு செல்லுங்கள்.