ஏழு கோணம் வேண்டாம்... ஒரு பூட்டு போதும்!

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு டைல்ஸின் மூலை உடைந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம், "ஏன் சார் இன்னும் மாத்தல?" என்று கேட்பார்கள். அதை மாற்றுவதாக இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

என் மகன் பிளஸ் டூ முடித்த கையோடு உடற்பயிற்சியில் இறங்கினான். "ஜிம்முக்கு மாசா மாசம் கட்டுற காசுக்கு வீட்டுலயே ஒரு பெஞ்ச் போட்டுடலாம்ப்பா" என்றான். எனக்கும் சரியென்று பட்டது. ஆன்லைனில் தேடினோம். ஏழு கோணத்தில் சாயும், மடித்து வைக்கலாம், 300 தாங்கும், விலையும் குறைவு. ஆர்டர் போட்டுவிட்டோம்.

மூன்றாவது வாரம். இரண்டு கையிலும் பத்துப் பத்து கிலோ டம்பெல். படுத்தபடி தூக்கிக்கொண்டிருந்தவனின் முதுகுப் பலகை சட்டென்று கீழே இறங்கிவிட்டது. நிலைதடுமாறிக் கையை விட்டான். அந்த டம்பெல் விழுந்த இடத்தில்தான், ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை என் சின்ன மகள் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா தோசை சாப்பிடக் கூப்பிட்டதால் எழுந்து போயிருந்தாள். உடைந்தது டைல்ஸ் மட்டும்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் பெஞ்சைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். பலகையைத் தாங்கும் பின், துளைக்குள் பாதிதான் போயிருந்தது. மூன்றே வாரத்தில் அந்தத் துளையும் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. அட்டைப்பெட்டியில் இருந்த 300-ஐயும் உற்றுப் பார்த்தேன். அது கிலோ இல்லை, பவுண்டு. அதாவது வெறும் 136 கிலோ. எங்கள் விஷயத்தில் எடை தாண்டவில்லை. காலை வாரியது பூட்டுதான். நாங்களோ கோணங்களை எண்ணிப் பார்த்து வாங்கினோமே தவிர, பூட்டைப் பார்க்கவே இல்லை.

அடுத்த பெஞ்சைக் கடைக்கே நேரில் போய், சாவகாசமாகப் பார்த்து வாங்கினேன். அந்த அனுபவத்தில் சில யோசனைகள்:

பூட்டு: சாய்வை நிறுத்தும் அமைப்பு பொதுவாக இரண்டு வகை. ஒன்று, துளைக்குள் போய் உட்காரும் ஸ்பிரிங் பின். இன்னொன்று, ஏணிப்படி மாதிரி இருக்கும் பற்களில் ஒரு கம்பி போய் மாட்டிக்கொள்வது. எதுவானாலும் சரி, கெட்டியாக இருக்க வேண்டும். பின் என்றால் முழுசாக உள்ளே போக வேண்டும், துளைக்குள் லொடலொடவென்று ஆடக் கூடாது. கடையிலேயே ஒவ்வொரு கோணத்திலும் மாட்டி, பலகையைக் கையால் அழுத்திப் பாருங்கள்.

எடைக் கணக்கு: பெஞ்ச் தாங்க வேண்டியது தூக்கும் எடையை மட்டுமல்ல, உங்கள் எடையையும் சேர்த்து. என் மகன் 70 கிலோ, டம்பெல் 20 கிலோ, மொத்தம் 90. நாளைக்கு டம்பெல் எடை கூடும். அதனால், இன்றைய மொத்தத்தைப் போல இரண்டு மடங்கு தாங்கும் பெஞ்சாகப் பார்ப்பது என் கணக்கு. கிலோவா பவுண்டா என்பதையும் மறக்காமல் பாருங்கள்.

சட்டம்: இரும்புக் குழாய் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று கேளுங்கள். 2 மி.மீ. இருந்தால் வீட்டுக்கு நல்லது. கேஜ் கணக்கில் சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள்: எண் கூடக்கூடத் தகடு மெலிசு. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து இடமும் வலமும் ஆடிப் பாருங்கள். வெறும் ஆளுக்கே ஆடும் பெஞ்ச், எடையோடு படுத்தால் இன்னும் ஆடும்.

உயரமும் அகலமும்: சர்வதேச பவர்லிஃப்டிங் விதிப்படி, போட்டி பெஞ்சின் உயரம் 42 முதல் 45 செ.மீ., அகலம் 29 முதல் 32 செ.மீ. வீட்டுக்கும் இது நல்ல அளவுகோல். படுத்திருக்கும்போது இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். குள்ளமானவர்களுக்கு உயரமான பெஞ்ச் என்றால் கால் அந்தரத்தில் நிற்கும், பிடிமானம் போய்விடும்.

இடைவெளி: முதுகுப் பலகைக்கும் உட்காரும் பலகைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால், நேராகப் படுக்கும்போது இடுப்புக்கு உறுத்தும். படுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். உட்காரும் பலகையும் சற்று மேலே தூக்கும்படி இருந்தால், சாய்ந்து செய்யும்போது கீழே சறுக்காது.

கோணம்: நேராக ஒன்று, மேல் மார்புக்கு 30 முதல் 45 டிகிரிக்குள் ஒன்றிரண்டு, தோள் பயிற்சிக்குக் கிட்டத்தட்ட நிமிர்ந்த நிலை ஒன்று. வீட்டுக்கு இதுவே தாராளம். தலை கீழாகச் சாயும் கோணத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க அவசியமில்லை. ரத்த அழுத்தம், கண் நீர் அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்தக் கோணத்தில் படுக்கவே வேண்டாம்.

வாங்கி வந்த பிறகும் கொஞ்சம் வேலை இருக்கிறது. அடியில் ரப்பர் பாய் விரியுங்கள். முதல் வாரம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை ஸ்பேனரால் இறுக்குங்கள். பிறகு மாதம் ஒருமுறை. கடற்கரை ஊர்க்காரர்கள் பால்கனியில் போட்டு வைக்காதீர்கள், துரு தின்றுவிடும். நீளக் கம்பியில் எடை மாட்டித் தூக்கும் பார்பெல் பயிற்சியை, தாங்கிப் பிடிக்கும் கம்பிகளோ பக்கத்தில் விவரம் தெரிந்த ஆளோ இல்லாமல் தனியாகச் செய்ய வேண்டாம். முக்கியமாக, எடை தூக்கும்போது அந்த இடத்தில் குழந்தைகள் இருக்கக் கூடாது. இது எங்கள் வீட்டில் இப்போது சட்டம்.

புது பெஞ்ச் வந்து ஒரு வருஷம் ஆகிறது. அதற்கு நான்கே கோணம்தான். ஆனால், மலை மாதிரி நிற்கிறது. சாயங்காலம் மகன் டம்பெல்லைக் கையில் எடுத்ததும், ஊஞ்சலில் இருந்தபடியே என் அம்மா குரல் கொடுப்பார்: "பின்னு உள்ள போச்சாடா?"

அவன் பலகையை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "போச்சு பாட்டி" என்பான். அதற்குப் பிறகுதான் படுப்பான்.